பாலாறு, மிதிவண்டி மணி, மூலிகைப் பை: வேலூரில் ஒரு கனவு வாசிப்பு நிலையத்தில் நான்கு அமர்வுகள்

சத்துவாச்சாரியில் ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் இயங்கும் கனவு வாசிப்பு நிலையத்துக்குத் தை மாதம் தொடங்கிப் பங்குனி முடிய நான்கு முறை சென்று வந்தேன். ஓர் அமர்வுக்கு 700 ரூபாய், முதல் நாளே வாங்கிக்கொள்ளச் சொல்லும் ‘கனவுப் பெட்டி’க்கு 1,450 ரூபாய், ஆக 4,250 ரூபாய் செலவாயிற்று. ஓய்வூதியத்தில் வாழும் பள்ளி ஆசிரியைக்கு இது சிறிய தொகையன்று. இத்தகைய இடங்களுக்குப் படியேறுகிறவர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு துக்கத்தையோ அச்சத்தையோ மடியில் கட்டிக்கொண்டுதான் ஏறுகிறார்கள் என்பதால், அங்கே கிடைப்பது எது, கிடைக்காதது எது என்பதைக் கூடுமானவரை நியாயமாக எழுதிவைக்க விரும்புகிறேன். குறை சொல்லவேண்டிய இடங்களும் உள்ளமையால் நிலையத்தின் பெயரையும் நடத்துகிற இளம்பெண்ணின் பெயரையும் விட்டுவிட்டேன்.

நான் போனதற்குக் காரணம் என் தந்தையார். விருதம்பட்டில் குடியிருந்து, நாற்பது ஆண்டுகள் பாலாற்றுப் பாலத்தின் மேல் மிதிவண்டி மிதித்து வந்து, லாங் பஜாரில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதியவர். சென்ற ஆண்டு ஆடி மாதம் காலமானார். கடைசிப் பதினோரு இரவுகள் மருத்துவமனையில் கழிந்தன. பத்து இரவுகள் விழித்திருந்த நான், பதினோராம் இரவு விடியும் வேளையில் பெஞ்சில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். செவிலியர் தோளைத் தொட்டு எழுப்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. ஐப்பசியில் கனவு தொடங்கிற்று. பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டு ஓடுகிறது. அப்பா இடுப்பளவு தண்ணீரில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். கைப்பிடியில் தூக்குவாளி தொங்குகிறது. மணியை விடாமல் அடிக்கிறார். நான் கரைப்படியில் நிற்கிறேன். கால் அசைவதில்லை, குரல் எழுவதில்லை. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் பாலாறு 2021 நவம்பரில் பெருக்கெடுத்ததை அவரும் நானும் பாலத்தருகே நின்று பார்த்திருக்கிறோம். கனவில் வந்தது அந்த வெள்ளந்தான். வாரம் இருமுறை, சில வாரங்களில் மும்முறை, இதே கனவில் நெஞ்சு படபடக்க எழுந்து உட்கார்ந்தால் அதன்பின் உறக்கம் வராது.

நிலையத்தின் அறிவிப்புத் தாளில் ‘நவீன விட்ச்கிராஃப்ட் முறையில் கனவு விளக்கம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். தமிழில் சொன்னால் சூனியம் என்றாகிவிடும் என்பதால் ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டதாக அந்தப் பெண் கூறினார். அவருடைய தயக்கம் எனக்கு நியாயமாகவே பட்டது. நம் பக்கத்தில் சூனியம் என்ற சொல்லுக்கு வைத்தல், எடுத்தல் என இரண்டே வினைகள் உண்டு. இரண்டிலும் ஒரு பகையாளி இருக்கிறான். அவர் பின்பற்றுவது அதுவன்று. இங்கிலாந்தில் பழைய சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு, ஜெரால்டு கார்ட்னர் என்பவர் 1954இல் வெளியிட்ட நூலின் வாயிலாக உலகுக்குத் தெரியவந்த விக்கா என்னும் நெறியும், அதிலிருந்து கிளைத்த பல தனிவழிகளுமே இன்று இப்பெயரில் வழங்குகின்றன. வளர்பிறை தேய்பிறை, பருவங்கள், மூலிகை, விளக்கு ஆகியவற்றைச் சுற்றி அமைந்த சடங்குகள் அவை. பிறருக்குத் தீங்கு செய்யலாகாது என்பதை முதல் விதியாகச் சொல்கின்றன. மிகத் தொன்மையான வழிபாட்டின் தொடர்ச்சி என்று அந்நெறி தன்னைச் சொல்லிக்கொண்டதுண்டு. ஆனால் இன்று காணும் வடிவம் 20ஆம் நூற்றாண்டில் உருவானது என்பதே வரலாற்றாசிரியர்களின் பரவலான முடிவு. கனவை அவர்கள் செய்தியாகக் கொள்கிறார்கள்: எங்கிருந்தோ யாரோ நமக்கு அனுப்புவது அல்லது நம் ஆழ்மனமே நமக்கு எழுதுவது. அந்த ‘அல்லது’தான் இந்த மதிப்புரை முழுவதிலும் எனக்கு முக்கியமாக இருந்தது. பெண்களைச் சூனியக்காரி என்று சொல்லித் துன்புறுத்துவதைத் தடுக்கப் பீகாரில் 1999இலும் ஜார்க்கண்டில் 2001இலும் தனிச் சட்டம் இயற்றவேண்டியிருந்த நாடு இது. அந்தச் சொல்லை ஓர் அழகுப் பெயராகச் சூடிக்கொள்பவர்கள் அதையும் நினைவில் வைத்திருக்கவேண்டும் என்பது என் கருத்து. அவரிடமும் சொன்னேன், மறுக்காமல் கேட்டுக்கொண்டார்.

பெட்டியில் இருந்தவை: தலையணைக்கு அடியில் வைக்கும் பருத்திப் பை, ஒரு சிறு செவ்வந்திக்கல், பௌர்ணமி இரவில் மொட்டை மாடியில் வைத்தெடுக்கும் ‘நிலா நீர்’ நிரப்புவதற்கு ஒரு நீலக் கண்ணாடிப் புட்டி, ஒரு மெழுகுவத்தி, தடித்த தாளில் தைத்த ஒரு குறிப்பேடு. பையில் ‘மக்வர்ட்’ என்னும் இறக்குமதி மூலிகை இருப்பதாகப் பொன்னிறச் சீட்டு சொல்லிற்று. முப்பத்திரண்டு ஆண்டுகள் தாவரவியல் நடத்திய கை சும்மா இருக்குமா? தையலைப் பிரித்து ஒரு சிட்டிகை இலையை வெந்நீரில் ஊறவைத்து, வெள்ளைத் தட்டில் ஊசியால் விரித்துப் பார்த்தேன். மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் பஞ்சு படிந்தாற்போல் வெண்மை, விளிம்பு இறகுபோலப் பிளந்திருந்தது. ஆர்ட்டிமீசியா வல்காரிஸ். நம் சித்த வைத்தியத்தில் மாசிபத்திரி என்று வழங்கும் இனம். இதன் ஒன்றுவிட்ட தங்கைதான், நேதாஜி மார்க்கெட்டில் பூக்கட்டும் பெண்கள் மல்லிகைக்கு நடுவே வைத்துத் தொடுக்கும் மரிக்கொழுந்து. அதன் பெயர் ஆர்ட்டிமீசியா பாலென்ஸ். மறுநாள் மார்க்கெட்டுக்குப் போய் இருபது ரூபாய்க்கு ஒரு கட்டு வாங்கி வந்து இரண்டையும் அருகருகே வைத்து முகர்ந்தேன். பெட்டியிலிருந்த இலையில் கப்பலேறி வந்த பழைய வைக்கோல் நெடி கலந்திருந்தது. மரிக்கொழுந்தில் அம்மாவின் கூந்தல் மணத்தது.

மணத்துக்கும் கனவுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உறங்குகிறவர்களின் மூக்கருகே ரோஜா மணத்தையும் அழுகிய முட்டை நாற்றத்தையும் செலுத்தி எழுப்பிக் கேட்ட ஆய்வொன்று 2009இல் ஜெர்மனியிலிருந்து வெளிவந்தது. மணம் கனவில் மணமாக வருவது அரிதாகவே இருந்தது. ஆனால் நறுமணம் கனவின் உணர்வை இனிமைப்பக்கமாகவும் துர்நாற்றம் எதிர்ப்பக்கமாகவும் திருப்பிற்று. ஆகவே தலையணையில் ஒரு மணப்பை வைப்பது வீண்வேலையன்று. ஆனால் மக்வர்ட் கனவைத் தெளிவாக்கும் என்பது ஐரோப்பிய நாட்டுப்புற நம்பிக்கையே தவிர, முறையான சோதனைகளால் நிலைநாட்டப்பட்டதன்று. அறிவிப்புத் தாளோ, அந்த மூலிகை ‘மூன்றாம் கண்ணாகிய பீனியல் சுரப்பியைத் திறக்கிறது, இது அறிவியல் உண்மை’ என்கிறது. பீனியல் சுரப்பி, மூளைக்குள் இருந்து, இருட்டில் மெலட்டோனின் என்னும் பொருளைச் சுரந்து உடலுக்கு இரவு வந்ததை அறிவிப்பது. அந்தப் பொருளை 1958இல் ஆரன் லெர்னர் பிரித்தெடுத்தார். திறக்கவும் மூடவும் அதில் கதவேதும் இல்லை. நம்பிக்கையை நம்பிக்கை என்று எழுதியிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன். இதைவிடப் பெரிய குறை, கருவுற்ற பெண்கள் மக்வர்ட்டைத் தவிர்க்கவேண்டும், அதன் மகரந்தம் ஒவ்வாதவர்களுக்குத் தும்மலும் மூச்சுத்திணறலும் வரலாம் என்ற எச்சரிக்கை எங்குமே இல்லாதது. கொசுவலைக்குள் படுக்கும் ஊரில் படுக்கையருகே மெழுகுவத்தி ஏற்றச் சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டையும் எடுத்துச் சொன்னபின், மூலிகை எச்சரிக்கையைத் தனிச் சீட்டாக அச்சிட்டுப் பெட்டியில் வைக்கத் தொடங்கியிருக்கிறார். மூன்றாம் அமர்வின்போது அதைக் காட்டினார்.

முதல் அமர்வு எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. குறி சொல்லப் பயன்படும், 78 சீட்டுகள் கொண்ட டாரோ கட்டைக் கலைத்து மூன்று சீட்டுகளை எடுத்து, வெள்ளம் என்றால் அடக்கிவைத்த உணர்ச்சி, சக்கரம் என்றால் வாழ்க்கைச் சுழற்சி, மணி என்றால் ஆன்மாவின் அழைப்பு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் பாம்பு கடித்தால் இன்ன பலன், பல் விழுந்தால் இன்ன பலன் என்று அச்சிட்டிருப்பதற்கும் இதற்கும் நான் வேறுபாடு காணவில்லை. எல்லார்க்கும் பொதுவான கனவு அகராதி ஒன்று உண்டு என்பதற்கு அறிவியலில் ஆதாரம் கிடையாது. 1966இல் கால்வின் ஹாலும் வான் டி கேஸிலும் கனவுகளை எண்ணி வகைப்படுத்தும் ஒரு முறையை வகுத்தார்கள். யார் வந்தார்கள், சண்டையா நட்பா, உட்புறமா வெளிப்புறமா என்று கணக்கெடுப்பது. அப்படி எண்ணிப் பார்த்த ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரியவந்தது எளிய செய்தி: கனவில் வருவன பெரும்பாலும் அவரவர் பகலில் கவலைப்படுகிற மனிதர்களும் விஷயங்களுமே. விருதம்பட்டு வீட்டுத் திண்ணையை அறியாதவர் என் கனவின் மணிக்குப் பொருள் சொல்லமுடியாது என்பதை நான் அன்றே உணர்ந்தேன்.

ஆனால் எழுந்து புறப்படும்போது குறிப்பேட்டைக் கையில் கொடுத்து அவர் சொன்ன முறை சிறப்பானது. “டீச்சர், முழிப்பு வந்ததும் அசையாம அப்படியே படுத்திருங்க. கடைசியா பாத்ததிலிருந்து பின்னாடி பின்னாடி போய் நினைச்சுப் பாருங்க. அப்புறந்தான் விளக்கைப் போடணும். மணி என்ன, அன்னைக்கு ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, எங்க போனீங்க, எல்லாத்தையும் எழுதணும்.” உறக்க ஆய்வுக்கூடங்களிலும் ஏறத்தாழ இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். விழித்த சில நிமிடங்களில் கனவு கரைந்துவிடுவதால், எழுதாமல் வைத்த கனவைப் பற்றி விளக்கம் சொல்பவர் பெரும்பாலும் தன் கற்பனையையே விளக்குகிறார்.

இங்கே அறிவியல் என்ன சொல்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்தக் குறிப்பேட்டை அதன் துணையோடுதான் என்னால் படிக்க முடிந்தது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் யூஜீன் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் 1953இல், உறங்குகிறவரின் மூடிய இமைகளுக்குள் விழிகள் வேகமாக அலையும் ஒரு கட்டம் இரவில் பலமுறை வந்துபோவதையும், அப்போது எழுப்பினால் பெரும்பாலோர் கனவு சொல்வதையும் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை இக்கட்டம் வருகிறது. வளர்ந்தவர்களின் உறக்கத்தில் ஏறத்தாழக் கால்பங்கு இதுவே. முன்னிரவில் சில நிமிடங்களே நீடிப்பது, விடியலை நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போகிறது. மற்ற கட்டங்களிலும் கனவு உண்டு என்பது பின்னர்த் தெரியவந்தது. ஆயினும் நீண்ட, உணர்ச்சி மிகுந்த, கதைபோன்ற கனவுகள் பெரிதும் இக்கட்டத்துக்குரியவை. ‘விடியற்காலைக் கனவு பலிக்கும்’ என்று நம் வீடுகளில் சொல்வதை இதனோடு வைத்துப் பார்க்கலாம். முதற்சாமக் கனவு ஓராண்டிலும், இரண்டாம் சாமத்தது எட்டு மாதத்திலும், மூன்றாம் சாமத்தது மூன்று மாதத்திலும், கடைச்சாமத்தது பத்து நாளிலும் பலிக்கும் என்று நம் பழைய கனாநூல் கணக்கு வைத்திருக்கிறது. பலிப்பதைப் பற்றிய அந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. ஆனால் இரவின் கனவுகள் எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல, கடைச்சாமத்துக் கனவே நெருக்கமாக உறைக்கிறது என்பதை அம்மக்கள் கவனித்திருக்கிறார்கள். அந்தக் கவனிப்பு சரியானது.

என் கால் அசையாததற்கும் குரல் எழாததற்கும்கூட விளக்கம் உண்டு. அந்தக் கட்டத்தில் மூளைத்தண்டு உடற்தசைகளைத் தளர்த்திப் பூட்டிவிடுகிறது. பிரான்சில் மிஷேல் ஜூவே பூனைகளில் அந்தப் பூட்டுக்குரிய இடத்தைச் சேதப்படுத்தியபோது அவை உறங்கியபடியே எழுந்து பாய்ந்தன, சீறின. பூட்டு திறப்பதற்குள் நமக்கு விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருக்க உடல் அசையாமல் நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். அதைத்தான் நாம் அமுக்குவான் பேய் என்கிறோம். முதல் அமர்வில் இதைக் ‘கட்டுப்பட்ட ஆற்றல்’ என்று சொன்ன அந்தப் பெண், நான் பூனைக் கதையைச் சொன்னதும், உண்மையாகவே ஆர்வத்தோடு தன் ஏட்டில் குறித்துக்கொண்டார். தன் தொழிலை இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர் என்ற மதிப்பு எனக்கு அப்போது ஏற்பட்டது.

இனி மணியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐந்து வாரங்களில் குறிப்பேட்டில் பதினோரு கனவுகள் சேர்ந்தன. பதினொன்றிலும் நான் விழித்த நேரம் நான்கரைக்கும் ஐந்துக்கும் இடையே இருந்தது. ஒருநாள் கனவு வராமலே விழித்து, இருட்டில் படுத்திருந்தேன். 4.40க்குத் தெருமுனையில் மிதிவண்டி மணி கேட்டது. பால்காரர். எங்கள் தெருவுக்கு அவர் ஐப்பசியிலிருந்துதான் வருகிறார். அதற்குமுன் வந்தவர் மோட்டார் வண்டியில் வருவார். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. எனக்கே காரணம் விளங்கவில்லை. வெளியோசை உறக்கத்துக்குள் நுழைந்து கனவின் பகுதியாகிவிடுவது நெடுங்காலமாக அறியப்பட்டதே. வில்லியம் டெமென்ட்டும் எட்வர்ட் வோல்பெர்ட்டும் 1958இல், உறங்குகிறவர்கள் மீது குளிர்ந்த நீரைத் தெளித்து எழுப்பியபோது, அவர்களில் சிலர் மழையையும் ஒழுகும் கூரையையும் கனவாகச் சொன்னார்கள். என் கனவில் அடித்த மணி, எங்கள் தெருப் பால்காரரின் மணி.

இரண்டாம் அமர்வில் இதைச் சொன்னபோது அந்தப் பெண்ணின் முகம் சற்று வாடிற்று. ஆன்மாவின் அழைப்பு என்று சொல்லியிருந்தாரல்லவா? சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: “பால்காரர் மணியாவே இருக்கட்டும் டீச்சர். அந்தச் சத்தத்துக்கு உங்க மனசு ஏன் அப்பாவைக் கூட்டிட்டு வந்துது? மணி கேட்டதும் உங்களுக்கு முதல்ல என்ன தோணுச்சு? பயமா?” பயம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல வரவில்லை. எனக்கு ஏழெட்டு வயது. விருதம்பட்டில் திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அப்பா மண்டியை முடித்து வரும்போது தெருவளைவில் மூன்று முறை மணி அடிப்பார். தூக்குவாளியில் மண்டிக்காரர் கொடுத்த பொரியோ வெல்லக்கட்டியோ இருக்கும். நான் கனவில் உணர்ந்தது அந்தக் காத்திருப்பு. அது அச்சமாக மாறியது விழித்த பிறகு, மருத்துவமனைப் பெஞ்சு நினைவுக்கு வந்ததால். இதைச் சொல்லி முடிக்க எனக்கு அரைமணி நேரமாயிற்று. அவர் ஒருமுறைகூட இடைமறிக்கவில்லை, சீட்டுக்கட்டைத் தொடவுமில்லை. நான் கொடுத்த 700 ரூபாய்க்கு முழு மதிப்பும் கிடைத்த நாள் அதுதான்.

உறக்க அறிவியலில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவர் சிக்காகோவில் பணியாற்றிய ரோசலிண்ட் கார்ட்ரைட். மணமுறிவின் துயரில் இருந்தவர்களை ஆய்வுக்கூடத்தில் உறங்கவைத்து அவர்களுடைய கனவுகளைப் பதிவுசெய்தார். பிரிந்த துணையைப் பற்றி உணர்ச்சியோடு கனவு கண்டவர்களே மனச்சோர்விலிருந்து பிற்பாடு நன்கு மீண்டதாக அறிவித்தார். கனவு என்பது மூளைத்தண்டிலிருந்து எழும் ஒழுங்கற்ற தூண்டல்களை மேல்மூளை கோத்துக் கட்டும் கதை என்று 1977இல் ஹாப்சனும் மெக்கார்லியும் சொன்னார்கள். ஆபத்தை எதிர்கொள்ள மூளை நடத்தும் ஒத்திகை என்று 2000இல் ரெவோன்சுவோ சொன்னார். இவற்றுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. தீராத வழக்கைத் தீர்ந்ததுபோலச் சொல்லாதவர்களை நம்பலாம் என்பது என் அனுபவம். அது ஆய்வாளர்களுக்கும் பொருந்தும், கனவு வாசிப்பவர்களுக்கும் பொருந்தும்.

மூன்றாம் அமர்வில் ஒரு சடங்கு. கனவுக்கு நான் விரும்பும் முடிவை எழுதி, வளர்பிறை தொடங்கிப் பௌர்ணமி வரை தினமும் படுக்கப்போகுமுன் விளக்கின் முன் அமர்ந்து அதைக் கண்மூடி மனத்தில் நடத்திப் பார்க்கவேண்டும். நான் வியந்துபோனேன், ஏனெனில் இது, நிலாவை நீக்கிவிட்டுப் பார்த்தால், கொடுங்கனவுகளுக்கு மனநல மருத்துவத்தில் இன்று பரிந்துரைக்கப்படும் ஒத்திகைப் பயிற்சியேதான். பேரி கிராக்கோவும் உடன் ஆய்வாளர்களும், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடையே அதன் பயனைச் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள். கனவின் போக்கை விழித்திருக்கையில் மாற்றியெழுதிப் பயில்வதால் கொடுங்கனவுகள் குறைந்தன. விக்கா வழியினர் இதை எங்கிருந்து எடுத்தார்களோ, தாமாகக் கண்டார்களோ, வேலை செய்யக்கூடிய ஒன்றைக் கையில் வைத்திருக்கிறார்கள். நான் எழுதிய முடிவு இது: படியிறங்கி ஓரடி தண்ணீரில் கால் வைத்து, மிதிவண்டியின் பின்தாங்கியைப் பிடித்து, அவரோடு சேர்ந்து கரைக்குத் தள்ளுகிறேன். அகல்விளக்கு போதும் என்று மெழுகுவத்தியை விட்டுவிட்டேன்.

கனவில் நான் இன்னும் படியிறங்கவில்லை. ஆனால் பங்குனியில் கனவு இரண்டே முறை வந்தது. இரண்டு முறையும் நெஞ்சு படபடக்கவில்லை. விழித்தபின் சிறிது நேரம் படுத்திருந்து மறுபடி உறங்கிவிட்டேன். இதற்கு முழுப் புகழையும் நிலையத்துக்குக் கொடுக்க இயலாது. இரத்த அழுத்தத்துக்காக நான் இரவில் மெட்டோப்ரோலால் மாத்திரை உட்கொண்டு வந்தேன். பீட்டா பிளாக்கர் என்னும் அந்த வகை மாத்திரைகளின் பக்கவிளைவுகளில் கெட்ட கனவும் ஒன்று. நான்கு அமர்விலும் அந்தப் பெண் என் ராசியையும் பிறந்த நாளின் திதியையும் கேட்டாரே தவிர, மருந்து ஏதாவது உட்கொள்கிறீர்களா என்று கேட்கவேயில்லை. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் கனவைப் பற்றிச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்; மாத்திரையைக் காலை வேளைக்கு மாற்றிக்கொடுத்தார். மாத்திரையை யாரும் தாமாக நிறுத்தவேண்டாம்; திடீரென நிறுத்துவது ஆபத்து.

கனவுக்காக ஓரிடத்துக்குப் போய்ப் படுப்பது நம் வட ஆர்க்காட்டுக்குப் புதிதன்று. வேலூருக்கு மேற்கே விரிஞ்சிபுரத்தில், மார்க்கபந்தீசுவரர் கோயிலில், கார்த்திகைக் கடைஞாயிறை ஒட்டி, பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் நள்ளிரவில் சிம்ம தீர்த்தத்தில் குளித்து, ஈரப்புடவையோடு கோயிலுக்குள் படுத்துறங்குகிறார்கள். பெரியவர் ஒருவர் கனவில் வந்து பூவோ பழமோ கொடுத்தால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. பண்டைக் கிரேக்கத்தில் மருத்துவக் கடவுளான அஸ்கிலிபியசின் கோயில்களில் நோயாளிகள் இப்படியே படுத்து மருத்துவக் கனவுக்குக் காத்திருந்தார்கள். என் அத்தை ஒருவர் இளவயதில் விரிஞ்சிபுரத்தில் படுத்தார்; கனவு ஏதும் வரவில்லை, பிள்ளையும் பிறக்கவில்லை. ஆனால் ஈரத்தரையில் பக்கத்தில் படுத்திருந்த முன்பின் தெரியாத பெண்கள் விடிய விடியத் தங்கள் கதையைச் சொல்லிக்கொண்டதைத் தம் கடைசிக் காலம் வரை நினைத்து நினைத்துப் பேசுவார். சத்துவாச்சாரி மாடியறையில் எனக்குக் கிடைத்ததும் அதன் ஒரு சாயலே என்று நினைக்கிறேன்.

நான்காம் அமர்வில்தான் எனக்குக் கோபம் வந்தது. அப்பாவின் ஆன்மா நீரில் நிற்பதாகவும், அவரைக் கரையேற்ற ஓர் இரவுச் சடங்கு செய்யலாமென்றும், அதற்கு 3,500 ரூபாய் ஆகுமென்றும் சொன்னார். சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட தீய கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள். தேவந்தி, இன்ன குளங்களில் மூழ்கி இன்ன கோட்டத்தில் தொழுதால் கணவனோடு இன்பமாக வாழலாம் என்று வழி சொல்ல, அது பெருமையன்று என்ற ஒரே சொல்லில் கண்ணகி மறுத்துவிடுகிறாள். எனக்கு அந்தக் காட்சி நினைவுக்கு வந்தது. “என் அப்பா தண்ணியில நிக்கலம்மா. அவர் நல்லபடியாப் போய்ச் சேந்தாரு. தூங்கிப்போனது நான்” என்று சொன்னேன். அவர் அதன்பின் வற்புறுத்தவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் இறந்தவர் தவிக்கிறார் என்று சொல்வது, எந்த நெறியின் பெயரால் சொன்னாலும், பெரும் பிழை.

அன்று என்னுடன் காத்திருந்த அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவரைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சில மாதங்களாக உறக்கத்தில் கத்தி, கைகால்களை வீசி, இருமுறை கட்டிலிலிருந்து விழுந்திருக்கிறார். யாரோ துரத்துவதாகக் கனவு. அவருக்கு ஒரு கறுப்புக் கயிறும் தலைமாட்டில் வைக்கக் கல்லுப்பும் கொடுக்கப்பட்டன. மேலே சொன்ன தசைப்பூட்டு வயதானபின் கழன்றுபோவதால் கனவில் செய்வதை உடலும் செய்துவிடும் இந்த நிலையை 1986இல் ஷென்க்கும் மாஹோவால்டும் அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு நோயாக விவரித்தார்கள். இது உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பார்கின்சன் அல்லது அதையொத்த நரம்பு நோய் தோன்றுகிறது என்பது இன்று தெரிந்த செய்தி. வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இரண்டு இரவு ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கி மருத்துவம் பார்த்துச் செல்லும் ஊர் இது. இங்கேயே குடியிருப்பவர் கயிற்றோடு திரும்பக் கூடாது. படியிறங்கும்போது அவரிடமும் அவர் மனைவியிடமும் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்படி சொன்னேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதன்பின் மேலேறிச் சென்று நிலையத்தாரிடமும் சொன்னேன்: உறக்கத்தில் அடிக்கிறவர், மாதக்கணக்காக உறங்காதவர், சாவைப் பற்றியே பேசுகிறவர், இம்மூவரையும் நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள், மருத்துவரிடம் அனுப்புங்கள் என்று. எழுதிக்கொண்டார். நடைமுறையில் செய்கிறாரா என்பதைப் பொறுத்தே நான் யாரையும் அங்கே அனுப்புவேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். ஞாயிறு தவிர மற்ற நாள்களில் மாலை நான்கிலிருந்து எட்டுவரை. படிக்கட்டு செங்குத்தானது, கைப்பிடியும் ஆடுகிறது. மூட்டுவலி உள்ளவர்கள் துணையோடு போகவேண்டும். பௌர்ணமிக்கு முந்தின நாள்களில் கூட்டம் மிகுதி. ஓர் அமர்வு 50 நிமிடம் என்று சொன்னாலும் அப்போது அரைமணியில் முடித்துவிடுகிறார்கள். பெட்டியை வாங்கத் தேவையில்லை. கேட்டால் குறிப்பேட்டை மட்டும் 250 ரூபாய்க்குத் தருகிறார்கள். முதல் அமர்விலேயே சீட்டு வேண்டாம், அகராதி வேண்டாம், என் கனவை நான் சொல்கிறேன், நீங்கள் கேள்வி கேளுங்கள் என்று சொல்லிவிடுவது நல்லது. அவர் கேள்வி கேட்பதில் தேர்ந்தவர்.

என் குறிப்பேடு சித்திரையில் தீர்ந்தது. அடுத்ததை லாங் பஜாரில் அறுபது ரூபாய்க்கு வாங்கினேன். அப்பா கணக்கு எழுதிய மாதிரியான சிவப்பு முதுகு வைத்த நோட்டு. பையிலிருந்த மக்வர்ட்டைக் கொட்டிவிட்டு மரிக்கொழுந்தை உலர்த்தி நிரப்பித் தைத்திருக்கிறேன். பால்காரர் இப்போதும் 4.40க்கு வருகிறார், மணியை அடிக்கவேண்டாம் என்று அவரிடம் சொல்லச் சொன்னார் என் மகன். அப்படிச் சொல்லவேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிட்டேன்.